லாப்ரடாரா, கோல்டனா

எங்கள் வீட்டில் எதையும் ஓட்டுப் போட்டுத்தான் முடிவு செய்வோம். என் கணவருக்கு அதில் அப்படியொரு பெருமை. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கையைத் தூக்க வேண்டும். திரைச்சீலையின் நிறம், குளிர்பதனப் பெட்டி வைக்கும் மூலை எல்லாம் அப்படி வந்தவைதான். எதற்கு ஓட்டு என்பதை மட்டும் அவரே முடிவு செய்துவிடுவார்.

அன்றைக்கு நாய். லாப்ரடாரா, கோல்டன் ரெட்ரீவரா? அவருக்கு லாப்ரடார். மகளுக்கு கோல்டன்.

"கோல்டனுக்கு முடி அதிகம். தினமும் சீவணும். யாரு சீவுறது?"

"அம்மா வீட்லதானே இருக்கா. உங்க லாப்ரடார் மட்டும் என்னவாம்? கண்டதையும் திங்கும்ப்பா. என் செருப்பு ஒண்ணு மிஞ்சாது."

"அதெல்லாம் அம்மா பாத்துக்குவா."

எந்த நாய் ஜெயித்தாலும் நான்தான் பரிசு. தட்டுகளை எடுத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். உனக்கு நாய் வேண்டுமா என்று ஒரு வார்த்தை? ம்ஹும், அது ஓட்டுக்கே வரவில்லை.

அன்று காலைதான் கண்ணாடிக்கடை முதலாளியம்மா ஃபோன் செய்திருந்தார். மகள் பிறக்கும் முன்பு அங்கே லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிற வேலை பார்த்தேன். "உன் கை மாதிரி யாரும் அமையலம்மா. அடுத்த மாசம் வந்துடுறியா?" என்றார். வருகிறேன் என்று சொல்லிவிட்டு, சமையலறையில் தனியாக நின்று பைத்தியம் மாதிரி சிரித்தேன்.

"ஒண்ணுக்கு ஒண்ணு. இனி உன் கைலதான் இருக்கு," என்றார் கணவர்.

"எனக்கு வேலை கிடைச்சிருக்கு. பழைய கடையிலேயே."

மகள் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். கணவருக்கும் முகம் மலர்ந்தது. நல்ல மனுஷன், அதுதான் வம்பே. கெட்டவராக இருந்தால் சண்டையாவது போடலாம்.

"தாராளமா போ, யாரு வேணாம்னா? குட்டி கொஞ்சம் வளரட்டும். சின்னதுல தனியா விட்டா ஏங்கிப் போயிடும்."

இதையேதான் மகள் தொட்டிலில் கிடந்தபோதும் சொன்னார். தொட்டில் போய் பள்ளிக்கூடம் வந்தது, பள்ளிக்கூடம் முடிந்து கல்லூரி வந்தது, நான் அதே அடுப்படியில் நிற்கிறேன்.

"சரி சொல்லு, லாப்ரடாரா கோல்டனா?"

ரெண்டும் வேணாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோல்டன்," என்றது பாழாய்ப்போன வாய்.

ஞாயிற்றுக்கிழமை நாய் வளர்ப்பவர் வீட்டுக்குப் போனோம். முற்றத்தில் தாய் நாய் சாய்ந்து படுத்திருக்க, குட்டிகள் முட்டி மோதிப் பால் குடித்துக்கொண்டிருந்தன. அப்பாவும் மகளும் தரையிலேயே உட்கார்ந்து ஆளுக்கொரு குட்டியைத் தூக்கிக் கொஞ்ச ஆரம்பித்தார்கள். மற்ற குட்டிகளும் அவர்களிடம் உருண்டு ஓடின.

தாய் நாய் மெல்ல எழுந்தது. உடம்பை ஒருமுறை உதறிக்கொண்டு நேராக என்னிடம் வந்தது. கடைசியாக உள்ளே வந்தவள் நான், கம்பிக் கதவு இன்னும் முழுதாகச் சாத்தவில்லை. அந்த இடுக்கில் மூக்கை வைத்து அது தெருவை மோந்தது.

"அக்கா, கதவு, கதவு!" என்று கத்தினார் வளர்ப்பவர். "நேரம் பாத்துக்கிட்டே இருக்கும் அது. விட்டா திரும்பியே பாக்காது."

"கொண்டியப் போடும்மா!" என்றாள் மகள், மடியில் குட்டியோடு.

கொண்டி என் கையில்தான் இருந்தது. நாய் தெருவிலிருந்து தலையைத் திருப்பி என்னை நிமிர்ந்து பார்த்தது. அதன் காம்புகளில் இன்னும் பால் சொட்டிக்கொண்டிருந்தது.