மூன்றாம் குரல்

"தூங்கிட்டிருந்ததோட மூளையைப் பிடுங்கிட்டீங்க மாமா."

தங்கை இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அக்கா போய் இன்னும் மூன்று மாதம் ஆகவில்லை. அக்காவின் மேசை, அக்காவின் லேப்டாப், எதிரே அக்காவின் கணவர். வாய்க்கு ஒரு பூட்டுப் போட்டால்தான் என்ன?

மாமா கோபப்படவில்லை. "எனக்கு என்ன தெரியும் வாலு? மெமரி பத்தலைன்னாங்க. வாங்கினேன். வீடியோ பார்த்துக் கழட்டினேன், மாட்டினேன். அப்புறம் உசுரே இல்ல."

"அணைச்சுட்டுக் கழட்டினீங்களா?"

"மூடித்தானே இருந்துது?"

அதுதான் இந்த வீட்டு வழக்கம். அக்கா லேப்டாப்பை ஒரு நாளும் அணைத்தவள் இல்லை. வேலை முடிந்ததும் பெட்டியை மூடுவது போல மூடிவிட்டு எழுந்துவிடுவாள். மூடினால் அணைந்துவிட்டது என்று மாமா நினைத்திருக்கிறார். சேமிக்காத பக்கம் எதுவாக இருந்தாலும் அந்தப் பழைய மெமரியில்தான் இருந்திருக்கும். மின்சாரம் போன நிமிஷமே அதுவும் போயிருக்கும். பழுது பார்க்கும் கடையில் இத்தனை வருஷம் உட்கார்ந்திருக்கும் தங்கைக்கு இது கைரேகை மாதிரி தெரியும். மாமாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

மாமாவுக்கு வேண்டியது லேப்டாப் அல்ல, அந்தப் பக்கம். அக்கா இந்த மேசையில் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே தலை சாய்ந்தவள். மாமா பிறகு ஒரே ஒரு முறை திறந்து பார்த்திருக்கிறார். வெள்ளைப் பக்கம் தெரிந்தது, வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, எழுத்து வரவே இல்லை. அன்றிலிருந்து மனுஷருக்குச் சோறு இறங்கவில்லை. சட்டைக்குள் ஆள் இருக்கிறாரா என்று தேட வேண்டியிருந்தது.

"கடைசியா என்ன அடிச்சான்னு தெரிஞ்சாப் போதும்," என்றார். "அப்புறம் நான் உன்னைத் தொந்தரவு பண்ண மாட்டேன்."

"தொந்தரவு பண்ணுங்க. அதுக்குத்தானே மச்சினி. ரப்பர் இருக்கா மாமா?"

"எதுக்கு?"

"மெமரியோட காலைத் தேய்க்க. அழுக்கு இருந்தாலும் எழுந்திருக்காது."

மாமா உள் அறைப் பக்கம் தலையைத் திருப்பி, "ம்?" என்றார்.

"ரப்பர் மாமா. பென்சில் அழிக்கிற ரப்பர்."

"ஆங், கேட்டுது." இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். காது மந்தமாகிவிட்டது போல என்று தங்கை நினைத்துக்கொண்டாள்.

புது மெமரியின் மின்னும் விளிம்பைத் தேய்த்து மாட்டினாள். இருட்டு. கழற்றி மறுபடி மாட்டினாள். முதல் தடவை கொஞ்சம் நேரம் எடுக்கும் என்று காத்திருந்தாள். இருட்டுதான். பழைய மெமரி ஒரு சோப்பு டப்பாவில் கிடந்தது. புதுசுதான் கோளாறா என்று தெரிந்துகொள்ள, புதுசை எடுத்துவிட்டு அதை மாட்டினாள். பேட்டரி செத்தே போயிருந்தது; வயரைச் செருகினாள்.

முதலில் வர வேண்டிய எதுவும் வரவில்லை. கம்பெனிப் படம் இல்லை, கடவுச்சொல் கேட்கவில்லை. தூங்கி எழுந்தவர் கண்ணைத் திறப்பது போல நேரே அந்தப் பக்கம் வந்து நின்றது. வட்டம் சுற்றவில்லை. கீழே கோடு ஒன்று மின்னி மின்னி மறைந்தது.

மின்சாரமே இல்லாமல் டப்பாவில் கிடந்த மெமரியில் அந்தப் பக்கம் இருக்க வழியே இல்லை.

"வந்துடுச்சா?" மாமா ஜன்னலோரம் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். "எனக்குத் தைரியம் இல்ல. நீ படிச்சுச் சொல்லு."

அக்காவின் தொழில் பேச்சைக் கேட்டு எழுதுவது. பேட்டி, கூட்டம், விசாரணை, எந்த ஒலிப்பதிவு வந்தாலும் காதில் மாட்டிக்கொண்டு, ஆண், பெண், மூன்றாம் குரல் என்று பிரித்து அடித்துத் தருவாள். இருமினால் இருமல் என்று போடுவாள். கதவு சாத்தினால் அதையும் போடுவாள். காதுக்குப் பிடிபடாததை ஊகித்து எழுத மாட்டாள். 'தெளிவில்லை' என்று போட்டுவிடுவாள்.

தங்கை படித்தாள்.

பெண்: தொந்தரவு பண்ணுங்க. அதுக்குத்தானே மச்சினி. ரப்பர் இருக்கா மாமா?
ஆண்: எதுக்கு?
பெண்: மெமரியோட காலைத் தேய்க்க. அழுக்கு இருந்தாலும் எழுந்திருக்காது.
மூன்றாம் குரல்: (தெளிவில்லை)
ஆண்: ம்?

அந்தப் பேச்சு நடந்தபோது லேப்டாப் வயிறு திறந்து மேசையில் கிடந்தது. இந்தப் பழைய மெமரி சோப்பு டப்பாவில் இருந்தது. தங்கை இன்டர்நெட் இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. பேச்சைக் கேட்டுத் தானாக எழுதும் மென்பொருள் ஏதாவது ஓடுகிறதா என்று தேடினாள். அதுவும் இல்லை.

"என்ன எழுதியிருக்கா?"

"ஏதோ பேட்டி மாமா. ரெண்டு பேர் பேசிக்கிறாங்க."

"யாரு?"

"தெரியலை."

"உனக்குப் பொய் சொல்ல வராது வாலு. உங்கக்காவுக்கும் வராது."

கோடு நகர்ந்தது. எழுத்துகள் அக்கா அடிக்கும் வேகத்தில், நடுநடுவே நிதானித்து வந்தன.

ஆண்: ஜன்னலைச் சாத்தவா? குளிருதா உனக்கு?

இது யாரும் பேசாதது. தங்கை திரும்பினாள்.

மாமா கையைத் தேய்த்தபடி, "ஜன்னலைச் சாத்தவா?" என்றார். "குளிருதா உனக்கு?"

கேட்டது தங்கையிடம் அல்ல. முகம் உள் அறையைப் பார்த்திருந்தது. கதவு ஒருக்களித்திருந்தது, உள்ளே கட்டில் விளிம்பும் பகல் வெளிச்சமும் மட்டும் தெரிந்தன.

"மாமா, யார்கிட்ட பேசுறீங்க?"

"காலையிலேர்ந்து சொல்லிட்டே இருக்கா. பாதி புரியுது, பாதி புரியலை."

"யாரு?"

இந்த மூன்று மாதத்தில் தங்கை காணாத ஒரு சிரிப்பு அவர் முகத்தில் வந்திருந்தது. சின்னப் பிள்ளை மாதிரி இருந்தார். திரையில் எழுத்துகள் ஓடின.

மூன்றாம் குரல்: (தெளிவில்லை)
மூன்றாம் குரல்: (தெளிவில்லை)
ஆண்: இப்ப நல்லாக் கேக்குது. இதோ வரேன்.
பெண்: போகாதீங்க மாமா.
(நாற்காலி விழும் சத்தம்)

அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. கோடு நின்றுவிட்டது. மின்னக்கூட இல்லை.

தங்கை வயரைப் பிடுங்கினாள். திரை இருண்டது. மாமா நாற்காலிக் கையை ஊன்றி எழப்போனார், உதடு பிரிந்தது. அக்காவின் கணவரைத் தொட்டுப் பேசும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. அன்று ஒரே எட்டில் போய் அவர் வாயைப் பொத்தினாள். மறுகையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். அது சாயாமல் நின்றது.

"போகாதீங்க" என்ற சொல் தொண்டை வரை வந்தது. அதுவும் திரையில் இருந்தது; அப்படியே விழுங்கினாள். வேறு என்ன சொல்வது? வாயில் வந்ததைச் சொன்னாள்.

"புது மெமரி சரியா உட்காரலை மாமா, அதுதான் விஷயம். ரெண்டு பக்கமும் டக்குனு கொக்கி விழணும். நீங்க தடவிக் கொடுத்திருக்கீங்க, அழுத்தலை. நானும் கவனிக்கலை பாருங்க. கடையில வச்சுப் பார்த்துடுவோம். செருப்பைப் போடுங்க."

"அந்தப் பக்கம்..."

"கடையில பார்ப்போம். இந்தச் செருப்புல ஒரு கால், அதுல ஒரு கால்."

லேப்டாப் மேசையிலேயே கிடந்தது. அதை எடுக்காமல் கடைக்கு ஏன் போகிறோம் என்று அவர் கேட்கவில்லை, கேட்க அவள் இடம் கொடுக்கவும் இல்லை. கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கதவைப் பூட்டும்போது சாவியைத் திட்டினாள். படியிறங்கும்போது வெயிலைத் திட்டினாள். தெருவில் கடைக்கு வரும் வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராகப் பேச்சில் இழுத்தாள்: கீபோர்டில் காபியைக் கொட்டிவிட்டுத் தானாக நனைந்தது என்று சத்தியம் செய்தவர், பூனை கடித்த வயரோடு பூனையையும் தூக்கி வந்தவர். மாமா ஓரிடத்தில் சிரித்தேவிட்டார்.

தெரு திரும்பும் இடத்தில் நின்றார். வந்த வழியைப் பார்த்தார்.

"யாரோ கூப்பிட்ட மாதிரி..."

வேறு எந்த நாளிலும் வேறு எந்த மனுஷியும் அந்த இடத்தில் சொல்லியிருக்கக்கூடிய, திரையில் வந்த அதே இரண்டு வார்த்தை அவள் நாக்கு நுனியில் நின்றது.

"எனக்குத் தோள் வலிக்குது மாமா," என்றாள். "இந்தப் பையைப் பிடிங்க."

பொம்பளைப் பிள்ளை சுமையோடு நிற்கப் பார்த்துக்கொண்டிருக்கத் தெரியாத மனுஷர் அவர். வாங்கித் தோளில் மாட்டினார். "கல்லா வச்சிருக்கே இதுல?"

"ஸ்க்ரூடிரைவர். பதினெட்டு விதம் இருக்கு. ஒவ்வொண்ணும் எதுக்குன்னு சொல்றேன், நடங்க."

முதலாவதிலிருந்து ஆரம்பித்தாள். மூச்சு வாங்கியது, நிறுத்தவில்லை. அவர் பக்கத்தில் நடந்தார்.