வால்முடி மோதிரம்

சோப்பு நுரை பூசியும் மோதிரம் விரல் கணுவைத் தாண்ட மாட்டேன் என்றது. குளிப்பாட்டுவதற்கு முன் உடம்பிலிருப்பதையெல்லாம் கழற்றிவிட வேண்டும் என்று வாசலில் ஆண்கள் அவசரப்படுத்தினார்கள். சந்திரகலா அப்பாவின் கையை மடியில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தாள்.

"அதக் கழட்டாதம்மா. அவரோடயே போவட்டும்."

நிமிர்ந்தாள். வெள்ளைத் தொப்பி வைத்த குள்ள மனிதர். காலையிலிருந்து குவார்ட்டர்ஸ் வேப்பமரத்தடியில் நின்றவர். மீரான் மைதீன், கிண்டி குதிரைப் பந்தயத்தில் ஜாக்கியாக இருந்தவர் என்று அவள் கணவன் சுதாகர் சொன்னதிலிருந்து அவள் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

கிண்டி என்ற பேச்சே அந்த வீட்டில் ஆகாது. அப்பா இசக்கிமுத்து அங்கே நீலாம்பரி என்ற பெண்குதிரையைப் பார்த்துக்கொண்டவர். அது ஓடினால் மற்றதெல்லாம் பின்னால்தான். ஆனால் பெரிய பந்தயம் ஒன்றில் கடைசியாக வந்து தொலைத்தது. ஓடுவதற்குச் சற்று முன் அதற்கு வயிறு நிறையத் தண்ணீர் வைத்தது இவர்தான் என்று கண்டுபிடித்து விரட்டிவிட்டார்கள். காசு வாங்கிவிட்டான் என்று ஊரெல்லாம் பேச்சு. நெய்வேலிக்கு வந்து மைன்ஸில் காண்ட்ராக்ட்டில் மண் அள்ளி, பர்மனென்ட் ஆகி, ரிட்டையராகி, நேற்று கண்மூடும்வரை அவர் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. அம்மா அந்த ஆத்திரத்தோடேயே போய்ச் சேர்ந்தாள். காசு கொடுத்த மகராசன் இவராக இருக்குமோ?

"யானைமுடி மோதிரத்துல உங்களுக்கு என்ன பாய்?"

"யானைமுடின்னா சொன்னாரு? நீலாம்பரியோட வால்முடிம்மா அது."

சந்திரகலாவுக்குச் சுருக்கென்றது. "அன்னிக்கு ஜெயிச்ச குதிரை மேல யாரு இருந்தது?"

"நான்தான்."

"அப்ப காசு குடுத்ததும் நீங்கதான்."

"யாரும் குடுக்கலம்மா. நீலாம்பரிய குட்டிக்காகப் பண்ணைக்கு அனுப்புனாங்க. சினை நிக்கலேன்னு டாக்டர் சொல்லவும் திரும்ப ரேஸுக்கே கொண்டாந்துட்டாங்க. இசக்கி அண்ணன் ஒருத்தருதான் நின்னிருக்குன்னாரு. எவனும் காதுல வாங்கல. முழு மூச்சா ஓடுனா குட்டி தங்காதுன்னு, தண்ணிய வச்சுட்டாரு. அப்புறம் பாத்தா சினைதான். அந்தக் குட்டியும் சரி, அதுக்குப் பின்னாடி அது போட்டதும் சரி, எல்லாம் கப் வாங்குன குதிரைங்க. ஜெயிச்சவன் நான். நான் போய்ச் சொன்னா எவன் நம்புவான்?"

நன்றாகத்தான் ஜோடிக்கிறார் என்று நினைத்தாள். செத்தவர் எழுந்து வந்து மறுக்கவா போகிறார்?

"டாக்டருக்கே தெரியாதது எங்கப்பாவுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுதாம்?"

"கண்ணப் பாத்தா தெரியும்னாரு. 'அதுக்குத் தெரியுததுக்கு முன்னாலயே எனக்குத் தெரிஞ்சிரும்டே'ன்னாரு."

திருகிக்கொண்டிருந்த அவள் கை நின்றது.

கடலூர் மைதானம். கல்யாணமான புதிதில், போலீஸ் வேலைக்கான ஓட்டத் தேர்வு. ஓட்டத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று பள்ளிக்கூடத்திலிருந்தே பேர். மைதானத்துக்கு வெளியே அப்பா தூக்குவாளியைத் திறந்து, "வெயிலு கொளுத்துது, குடிளா" என்று ஒரு சொம்பு மோர் கொடுத்தார். போதும் என்றதைக் கேட்காமல் இன்னொரு சொம்பு. வயிறு குலுங்கக் குலுங்க ஓடிக் கடைசியாக வந்தாள். அடுத்த தேர்வுக்குள் வயது தாண்டிவிட்டது. கிழவருக்கு விவரம் பத்தாது, பாசத்தில் என் வேலைக்கு உலை வைத்துவிட்டார் என்று எத்தனையோ பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

நாள் தள்ளிப்போயிருப்பது அவளுக்கே உறைக்காத சமயம் அது.

கோபம்தான் முதலில் வந்தது. ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா, பாவி மனுஷன்.

"அம்மா, எல்லாரும் கூப்புடுறாங்க." அந்த ஓட்டத்துக்கு எட்டாம் மாதம் பிறந்த மகள் சத்யப்பிரியா கதவருகில் நின்றாள். அழுதழுது மூக்கு சிவந்திருந்தது. "மோதிரம் வந்துச்சா?"

சந்திரகலா மகளை உச்சந்தலையிலிருந்து பாதம்வரை பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"வரலடி" என்றாள்.

கணுவரை வந்திருந்த மோதிரத்தை மெல்ல உள்ளே தள்ளிவிட்டு, அப்பாவின் விரலிலிருந்த நுரையை முந்தானையால் துடைத்தாள்.