டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு

சாவியைத் திருப்பினால் எரியும், சாவியை எடுத்தால் அணையும். நடுவில் என்ன செய்தாலும் அணையாது. பட்டாணி அளவு மஞ்சள் விளக்கு, ஸ்டியரிங்குக்கு நேர் எதிரே, கண்ணைக் குத்துகிற இடத்தில் பதிக்கப்பட்டிருந்தது. பெட்ரோலுக்கு, எண்ணெய்க்கு, பேட்டரிக்கு எனத் தனித்தனி விளக்குகள் வேறு இருந்தன. அப்படியானால் இது எதற்கு? பழைய கார்களைப் புதுப்பிப்பதே பிழைப்பாகக் கொண்ட பட்டறைக்காரருக்குத் தெரியவில்லை. ஆட்டோ எலெக்ட்ரீஷியனான அவருடைய மைத்துனனுக்கும் தெரியவில்லை.

"பல்பைக் கழட்டிடுங்க மாமா. நோய் தீருதோ இல்லையோ, வலி போயிடும்."

"கண்காட்சிக்குப் போற வண்டி மாப்ள. ஒரு ஸ்க்ரூகூட மாறக்கூடாது."

அது எந்தக் கம்பெனியும் செய்த கார் அல்ல. யாரோ ஒருவர் கையாலேயே தகடு அடித்து, ஒரே ஒரு வண்டியாகக் கட்டியிருந்தார். பின்பக்கக் கண்ணாடி கடைவாசல் போல அகலம். பின்னால் வருவதைப் பார்க்கும் கண்ணாடிகள் மூன்று, ஒவ்வொன்றும் முகம் பார்க்கிற அளவு. யார் கட்டியது, யாருக்காகக் கட்டியது என்று உறுதியாகச் சொல்ல ஆள் இல்லாவிட்டால் கண்காட்சியில் சேர்க்க மாட்டார்கள். அந்த ஆளைத் தேடித்தான் பட்டறைக்காரர் அலையாய் அலைந்தார். பின்சீட்டுக்கு அடியில் ஒரு பஸ் பாடி கட்டும் பட்டறையின் முத்திரை கிடைத்தது. போய்ப் பார்த்தால் பட்டறை கிடங்காகியிருந்தது. அங்கே முன்பு பெயின்ட் அடித்தவரைப் பிடித்தார். "அது எங்க மேஸ்திரி சொந்தமாக் கட்டினது. அவர் இல்ல இப்போ. மக டீச்சரா இருக்கு" என்றார் அவர்.

டீச்சர் தன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"அம்மாவுக்குக் காது கேக்காதுங்க" என்று சொல்லிவிட்டு, வண்டியைச் சுற்றிப் பார்க்கப் போனாள். கிழவி வண்டியின் முன்னால் கைகட்டி நின்றாள். காது கேளாது என்றதும் பட்டறைக்காரரின் வாய்ப்பூட்டு கழன்றது.

"மாப்ள, மேஸ்திரி கைவேலை தங்கம்தான். ஆனா ஒயரிங் மட்டும் போதையில பண்ணியிருப்பார்போல. ஓட்டினவனும் சரியான பயந்தாங்கொள்ளி. எவன் துரத்தினானோ, மூணு கண்ணாடி மாட்டியிருக்கான்."

"அவர் குடிக்க மாட்டார்" என்றாள் கிழவி. ஏற்ற இறக்கமில்லாத குரல், தேவைக்குமேல் கொஞ்சம் சத்தம். "பயந்தாங்கொள்ளி நான்தான். எனக்காகத்தான் கட்டினார்."

பட்டறைக்காரருக்குக் காது மடல் சுட்டது. மைத்துனன் குனிந்து டயரை ஆராயத் தொடங்கினான்.

"அம்மா உதட்டைப் பாத்தே படிச்சிடுவாங்க. சொல்ல மறந்துட்டேன்" என்றாள் டீச்சர். மறந்தவள் முகமாகத் தெரியவில்லை.

பட்டறைக்காரர் ஏற்கெனவே பளபளத்த சீட்டை இன்னொரு தடவை துடைத்துவிட்டுக் கதவைத் திறந்து நின்றார். கிழவி ஏறி உட்கார்ந்தாள். கை தானாகப் போய்க் கண்ணாடியைச் சரிசெய்தது. சாவியைத் திருப்பினாள். மஞ்சள் விளக்கு எரிந்தது.

அவள் உடனே கண்ணாடியைப் பார்த்தாள். திரும்பிப் பின்னால் பார்த்தாள். பட்டறைச் சுவர்தான் இருந்தது. ஜன்னல் வழியே கையை நீட்டி, முந்திக்கொண்டு போ என்று ஆட்டினாள். விளக்கைப் பார்த்தாள். மறுபடியும் ஆட்டினாள்.

"யாருப்பா அது, இவ்வளவு நேரமா ஹாரன் அடிக்கிறது?"

ஹாரன் என்றதும் பட்டறைக்காரர் டிக்கியைத் திரும்பிப் பார்த்தார். வண்டியைப் பிரித்த அன்று டிக்கிக்குள் ஒரு தகர டப்பா ரப்பர் பட்டைகளில் தொங்கியதும், அதிலிருந்து இரண்டு ஒயர்கள் போனதும் ஞாபகம் வந்தது. எவனோ பாட்டுக் கேட்கப் பிற்பாடு மாட்டிய ஸ்பீக்கர் என்று நினைத்தார். பிற்பாடு சேர்ந்ததைத் தூக்கி எறி என்பது அவர் தொழிலின் முதல் பாடம். ஒயர்களைக் கத்தரித்து, முனைகளை விரிப்புக்கு அடியில் செருகிவிட்டார். டப்பாவில் இப்போது வாஷர்கள் போட்டு வைத்திருந்தார்.

"டிக்கி விரிப்பைத் தூக்கு மாப்ள."

மைத்துனன் தூக்கினான். "ரெண்டு ஒயர் வெட்டிக் கெடக்கு. எந்த முட்டாப்பய வேலை இது?"

"நான்தான்."

நாள்கணக்கில் டேஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகத் தொங்கிய மைத்துனன், அக்கா புருஷன் என்ற மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டான். அது திட்டியதைவிட உறைத்தது.

பட்டறைக்காரர் கிழவிக்கு முகம் தெரியும்படி வந்து நின்றார். ஒவ்வொரு சொல்லாக இழுத்து, "நான்தாம்மா... வெட்டினேன்... குப்பைன்னு நினைச்சு..." என்றார்.

"மெதுவாப் பேசாதீங்க. உதடு கோணிக்குது, படிக்க முடியல. எப்பவும்போலச் சொல்லுங்க."

ஆகவே முதலிலிருந்து மறுபடி சொல்ல வேண்டியிருந்தது, போதை என்று சொன்னதற்கும் பயந்தாங்கொள்ளி என்று சொன்னதற்கும் சேர்த்து மன்னிப்போடு. மைத்துனனும் டீச்சரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கிழவி தலையாட்டினாள். "காய்ச்சல்ல காது போச்சு. ஹாரன் கேக்காம எப்படி ஓட்டுவேன்னு அழுதேன். அவர் ஒரு டப்பாவைத் தூக்கிட்டு உக்காந்துட்டார். யாருக்காகக் கட்டினதுன்னு கண்காட்சில கேப்பாங்கல்ல? காது கேக்காத பொண்டாட்டிக்குன்னு எழுதுங்க. ஆனா விளக்கு வேலை செய்யணும். இல்லாட்டி எழுதாதீங்க."

பட்டறைக்காரர் வாஷர்களைக் கொட்டினார். டப்பாவின் வாயில் ஒட்டியிருந்த மெல்லிய பித்தளைத் தகடு அவற்றின் கனத்தில் கிழிந்து போயிருந்தது. பாகங்களுக்கு நடுவே இடைவெளி அடைக்கப் பட்டறையில் வைத்திருந்த, காகிதக் கனமே உள்ள பித்தளைத் தகட்டை வட்டமாக வெட்டி ஒட்டினார். அதன்மேல், டப்பா விளிம்பில் முன்பே பொருத்தியிருந்த பழைய ஊசியைச் சாய்த்து வைத்தார். டப்பாவை இன்ஜின் நடுக்கம் எட்டாதபடி புது ரப்பரில் தொங்கவிட்டு, ஒயர்களைச் சேர்த்தார்.

விளக்கு அணைந்தது.

மைத்துனன் ஸ்கூட்டரைப் பின்னால் நிறுத்தி ஹாரன் அடித்தான். விளக்கு துடிதுடித்து எரிந்தது. கிழவி திரும்பிப் பார்க்கவில்லை. கையை மட்டும் வெளியே நீட்டி, போ என்று ஆட்டினாள்.

ஒயரிங்கில் எந்தக் கோளாறும் இருந்ததில்லை. ஊசி தகட்டைத் தொட்டிருக்கும்வரை மின்சாரம் ஓடும். டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள காந்தம் அந்த ஓட்டத்தில் ஓர் இரும்பு நாக்கைப் பிடித்துவைத்து, விளக்கை அணைத்திருக்கும். பின்னால் ஹாரன் அடித்தால் தகடு அதிரும், ஊசி எகிறும், ஓட்டம் அறும், காந்தம் நாக்கை விடும், விளக்கு எரியும். ஒயரை வெட்டினாலும் ஓட்டம் அறும். அதனால்தான் அது அணையவே இல்லை.