மீதி ஒரு காது

“அடுத்த கோடைக்கு நான் வரும்போது அழுகை, புலம்பல் எதுவும் கூடாதுக்கா.”

“நானா அழுதேன்? வந்ததிலிருந்து நீதான் மூக்கைச் சிந்திக்கிட்டிருந்தே.”

“யாரா இருந்தா என்ன? வருஷத்துல ஒரு வாரம்தான் கிடைக்குது. நீ என்ன படம் பார்த்தே, நான் என்ன பாட்டு கேட்டேன், வீட்டுல புதுசா என்ன கண்டுபிடிச்சோம், அதைத்தான் பேசணும். மத்ததெல்லாம் வாசலோட.”

“சரிடி. மத்ததெல்லாம் வாசலோட.”

வாசல்படியில் பெட்டியும் கையுமாக நின்று தங்கை இதைச் சொன்னதும், கதவைப் பிடித்துக்கொண்டு அக்கா தலையாட்டியதும் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த வருடத்துக் கதை. அந்த வாரம் முழுக்க இருவரும் மாறி மாறி அழுது தீர்த்திருந்தார்கள். அதனால் தங்கையின் பேச்சு அன்றைக்கு அக்காவுக்குத் தேனாக இனித்தது. தன் வாய்க்குத் தானே பூட்டுப் போட்டுக்கொண்டோம் என்பது புரிய அவளுக்குச் சில கோடைகள் ஆயின.

இந்தக் கோடைக்கும் தங்கை வந்து இறங்கினாள். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. ஜன்னலில் அக்கா தொங்கவிட்டிருந்த ஈரத்துண்டு காய்ந்து அட்டைபோல விறைத்திருந்தது. முன்னறையில் தையல் மெஷின். அதைச் சுற்றி உயரம் குறைக்க வேண்டிய பேன்ட்டுகள், ஜிப் மாற்ற வேண்டிய பைகள், அக்குள் பிரிந்த சட்டைகள். உள்ளறையில் அப்பா. அவர் படுத்திருக்கும் காற்று மெத்தையின் மோட்டார், வீட்டுக்குள் யாரோ ஓயாமல் முணுமுணுப்பதுபோல இரைந்துகொண்டே இருக்கும். அப்பாவுக்கு வலப்பக்கம் மட்டும்தான் வேலை செய்தது. ஏதாவது வேண்டுமென்றால் கைக்கெட்டும் டம்ளரில் ஸ்பூனால் தட்டுவார். ஒரு தட்டு தண்ணீருக்கு. இரண்டு தட்டு புரட்டிப் படுக்கவைக்க. விடாமல் தட்டினால், ஓடிவா என்று அர்த்தம்.

“வந்துட்டியா, மகாராணி?” என்றார் அப்பா, குழறலாக.

“வந்துட்டேன்பா. என்ன, இளைச்சுட்டீங்க?”

“உன் அக்கா... சமையல்.”

“ஆமாம், எல்லாம் என் தலையிலேயே கட்டுங்க” என்று அக்கா சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். மூவரும் சிரித்தார்கள். அந்த வாரம் அப்படித்தான் எப்போதும் தொடங்கும்.

மதியம் சாப்பிட்டு அப்பா கண்ணயர்ந்ததும், “கடையை விரிக்கலாமா?” என்பாள் தங்கை. முன்னறைத் தரையைத் தண்ணீர்விட்டுத் துடைத்து, வெறும் தரையில் இருவரும் மல்லாந்து படுத்துக்கொள்வார்கள்.

“மழுங்கின கத்தரிக்கோலால அலுமினியத் தாளை நாலு தடவை வெட்டிப் பாரு, கூர்மையாகிடும்.”

“என் கத்தரிக்கோலைத் தொட்டே, கை இருக்காது.”

“சரி, உன் சரக்கை எடு.”

“ஜிப் சிக்கினா மெழுகுவர்த்தியைத் தேய். வெண்ணெய் மாதிரி ஓடும்.”

“இதைப் போன வருஷமே வித்துட்டே. பழைய சரக்கு.”

பிறகு பாட்டு. தங்கை தன் போனில் சேர்த்துவைத்திருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகப் போடுவாள். இயர்போனின் ஒரு முனை அவள் காதில், மறுமுனை அக்காவின் இடது காதில். “இன்னொண்ணையும் நீயே வச்சுக்கோக்கா, ரெண்டு காதுலயும் கேட்டாத்தான் வீணை எங்கேயிருந்து வருதுன்னு தெரியும்” என்று தங்கை அதையும் கழற்றி நீட்டியபோது அக்கா அவசரமாகத் தலையை விலக்கிக்கொண்டாள். “ஒண்ணு போதும்டி. ரெண்டும் அடைச்சா எனக்குத் தலைவலிக்கும்.”

படம் சொல்வதில் அக்காவை மிஞ்ச ஆள் கிடையாது. தன் காப்பீட்டு அலுவலகத்தில் அக்கா சொன்ன கதைகளைச் சொல்லியே தங்கை பெயர் வாங்கியிருந்தாள். இந்த முறை அக்கா சொன்ன படத்தில், மலையுச்சியில் வானிலை நிலையத்தில் ஒரு பெண் தனியாக வேலை பார்க்கிறாள். அவளோடு ஒருவன் இருக்கிறான்.

“அவன் கடைசிவரைக்கும் வாயே திறக்க மாட்டான்டி. ‘இன்னிக்கு மழை வருமா, சொல்லு’ன்னு அவ கேட்பா. அவன் எழுந்து மெதுவா ஜன்னல்கிட்ட நடந்து போவான். அவ்வளவுதான். அவளுக்குப் புரிஞ்சிடும். அவ அழும்போதுகூட ஒரு வார்த்தை பேசாம பக்கத்துல வந்து உட்காருவான். எனக்கு மெஷினே ஓடலை.”

“ஆள் எப்படி இருப்பான்?”

அக்கா ஒரு கணம் திணறினாள். “உயரமா... கொஞ்சம் நரை. நீல ஸ்வெட்டர் போட்டிருப்பான். கண்ணாலயே பேசுவான்.”

“ம்ம்... உனக்குத் தெரிஞ்ச நீல ஸ்வெட்டர்காரர் யாராவது...?”

“போடி. இந்த வெயில்ல எந்தக் கிறுக்கன் ஸ்வெட்டர் போடுவான்?”

தங்கை உருண்டு சிரித்தாள். அக்காவும் சிரித்தாள். ஆனால் இத்தனை கோடையும் தங்கையிடம் சொல்லாத ஒரு வாக்கியம் அவளுக்குள் மீன் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

*குட்டி, அப்பாவைப் பாதி நாள் நீ வச்சுப் பார்த்துக்கோ.*

மெஷினை மிதிக்கும்போதெல்லாம் அதன் இரைச்சலில் வாய்விட்டே சொல்லிப் பார்த்திருக்கிறாள். சொன்ன கையோடு தங்கையின் பதிலையும் அவளே சொல்லிக்கொள்வாள். மூணாவது மாடிக்கா, லிஃப்ட் கிடையாது. நான் வேலைக்குப் போறவ. என் வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்ல மாட்டார், ஆனா முகம் சுண்டிடும். கேள்வியும் அவளே, பதிலும் அவளே. தங்கைக்கு அதில் வேலையே இருக்கவில்லை. இதற்கெல்லாம் மேல் ஒன்று இருந்தது. இந்த வீட்டில் எதைப் பேசினாலும் உள்ளறையில் கேட்கும். “நான் பாரமாயிட்டேனா?” என்று அப்பா கேட்டுவிட்டால்? அவர் கேட்கக்கூட வேண்டாம். ஸ்பூனைத் தட்டாமல் தாகத்தோடு படுத்திருந்தாலே போதும், அவள் செத்துப்போவாள்.

அப்படியே வாரம் கரைந்துகொண்டிருந்தது. தெருமுனைக் கடைக்கு அப்பால் என்ன மாறியிருக்கிறது என்று தங்கை சொல்லித்தான் அக்காவுக்குத் தெரிந்தது. பழைய தபால் அலுவலகத்தை இடித்துவிட்டார்களாம். அது நடந்தே போகக்கூடிய தூரம்தான்.

வாரத்தின் நடுவில் ஒருநாள் தங்கை ஒரு நல்ல காரியம் செய்தாள்.

பக்கத்து வீட்டில் இருப்பவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவர். மனைவி இறந்தபின் தனியாள். வெயில் ஏறியதும் கடையைச் சாத்திவிட்டு வந்து, சாப்பிட்டு, டிவியில் படம் போடுவார். சுவருக்கு இந்தப் பக்கம் வசனம் தெளிவாகக் கேட்கும். அன்றைக்கு அப்பா தூக்கத்தில் நெளிவதைப் பார்த்த தங்கை, செருப்பைக்கூட மாட்டாமல் போய் அவர் கதவைத் தட்டினாள்.

“இங்கே ஒரு நோயாளி இருக்கார்னு உங்களுக்குத் தெரியும்ல? இவ்வளவு சத்தமா வச்சா எப்படிங்க?”

அவர் திகைத்துப்போனார். “அவங்களுக்கு... உங்க அக்காவுக்குத் தொந்தரவா இருக்குன்னு சொன்னாங்களா?”

“அவ எங்கே சொல்லப்போறா? வாயில்லாப் பூச்சி. நான் சொல்றேன்.”

“மன்னிச்சுக்கங்க. குறைச்சுடறேன்.”

திரும்பி வந்து, “முடிச்சுட்டேன்! இத்தனை நாளா எப்படிப் பொறுத்துக்கிட்டே?” என்றாள் பெருமையாக. அக்கா கையிலிருந்த பேன்ட்டின் விளிம்பைப் பார்த்தபடி, “நல்லது” என்றாள். அதன் பிறகு சுவர் வெறும் சுவராக நின்றது. மோட்டார் மட்டும் முணுமுணுத்தது. மறுநாள் அவள் ஒரே ஜிப்பை இருமுறை தலைகீழாகத் தைத்துப் பிரித்தாள்.

“என்னக்கா, உடம்பு சரியில்லையா?”

“வெயில்டி.”

தங்கைக்கு மனசு கேட்கவில்லை. அக்காவைச் சந்தோஷப்படுத்த என்ன செய்யலாம் என்று யோசித்தவள், ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய மதியம் போனும் கையுமாக ஓடிவந்தாள்.

“கண்டுபிடிச்சுட்டேன்! உன் வானிலைப் படம். வா, சேர்ந்து பார்க்கலாம். உன் நீல ஸ்வெட்டரை நான் பார்த்தே ஆகணும்.”

“கதைதான் சொல்லிட்டேனே. இந்தப் பட்டனை வச்சுட்டு வர்றேன்.”

“பட்டன் எங்கேயும் ஓடிடாது. படு.”

போனை ஒரு துணிக்குவியலில் சாய்த்துவைத்தார்கள். மலை வந்தது, மேகம் வந்தது. அந்தப் பெண் வந்தாள். அக்கா நினைத்ததைவிட வயதானவள். அவள் தேநீரை ஊதிக்கொண்டே, “இன்னிக்கு மழை வருமா, சொல்லு” என்றாள்.

மேஜைக்கு அடியிலிருந்து ஒரு கிழட்டுக் கறுப்பு நாய் எழுந்து, சோம்பல் முறித்து, ஜன்னலை நோக்கி நடந்தது.

தங்கைக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “அடிப்பாவி! என்னை எப்படி ஏமாத்தியிருக்கே! உயரமா, நரையா, கண்ணாலயே பேசுவானா? ஆபீஸ்ல சொல்றதுக்கு முன்னாடி பார்த்தேனே, மானம் தப்பிச்சுது!”

அக்கா சிரிக்கவில்லை. அவள் கண் அந்தச் சின்னத் திரையிலேயே இருந்தது.

“நாயா?” என்றாள்.

தங்கையின் சிரிப்பு பாதியில் நின்றது. போனைக் கையிலெடுத்துப் படத்தை நிறுத்தினாள்.

“அக்கா, நீ இந்தப் படத்தைப் பார்க்கவே இல்லையா?”

“கேட்டேன்.”

“கேட்டேன்னா?”

அக்கா சுவரைக் காட்டினாள். “அவர் போடுவார். நான் இங்கே உட்கார்ந்து தைப்பேன். கண்ணு தையலுக்கு. ஒரு காது அப்பாவோட ஸ்பூனுக்கு. மீதி ஒரு காதுதான்டி எனக்கு. கடைசியில ஒரு நாய் குரைச்சுது, ஞாபகமிருக்கு. தெருநாய்னு நினைச்சேன்.”

“போன வருஷம் சொன்னியே, அந்தச் சமையல்காரன் படம்?”

“அதுவும்தான். அவன் சமையல்காரன்தானான்னு எனக்கு நிச்சயமாத் தெரியாது. பாத்திரம் உருள்ற சத்தமாக் கேட்டுச்சு.”

தங்கை எழுந்து உட்கார்ந்தாள். எதையோ உடைத்துவிட்டு நிற்கும் குழந்தையின் முகம் அவளுக்கு. “நான் போய் அவரைக் குறைக்கச் சொல்லிட்டேனேக்கா.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“உனக்காகத்தான் கூட்டி வச்சாரா?”

“நான் கேட்டதில்லை. ஒருநாள் ஏதோ வசனத்துக்கு என்னை அறியாம சத்தமாச் சிரிச்சுட்டேன். மறுநாளிலிருந்து சத்தம் கொஞ்சம் கூடிடுச்சு.” அக்காவின் காது மடல் சிவந்தது. “போன மாசம் படியில பார்த்தப்போ, ‘ஒரு படத்தையாவது சுவர் இல்லாம பார்க்கலாமே, தியேட்டர் பக்கத்துலதானே இருக்கு’ன்னார். எனக்குச் சிரிப்பு வந்துச்சு. தியேட்டர் பக்கத்துலதான். நான்தான் தூரத்துல இருக்கேன்.”

“இதெல்லாம் ஏன் என்கிட்ட சொல்லலை?”

“சொன்னா அது புலம்பலாயிடும்ல?”

தங்கைக்குக் கண் நிறைந்துவிட்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டு படபடவென்று பேச ஆரம்பித்தாள். “இதுக்கு ஒரு வழி பண்றேன் பாரு. நாளைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி உனக்கு ஒரு பெரிய டேப்லெட் வாங்கித் தந்துடறேன். மெஷின் பக்கத்துலேயே மாட்டிடலாம். எல்லாப் படத்தையும் நானே ஏத்தித் தர்றேன். அவர்கிட்டயும் போய் மன்னிப்புக் கேட்டுட்டு, பழையபடி சத்தமா வைங்கன்னு சொல்லிடறேன். சரியா? சந்தோஷமா?”

சரி என்று சொல்வது அக்காவுக்கு எவ்வளவு சுலபம்! நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. தங்கை நிம்மதியாக ஊருக்குப் போவாள். இவள் மெஷினடியில் திரை வெளிச்சத்தில் குனிந்திருப்பாள். அடுத்த கோடையில் தரையைத் துடைத்துப் படுத்துக்கொண்டு, இந்தத் தடவை உண்மையாகவே பார்த்த படங்களைச் சொல்வாள். அதற்கடுத்த கோடையிலும். இந்த அறை இன்னும் கொஞ்சம் வசதியாகிவிடும், அவ்வளவுதான். வசதியானபின் வெளியே விடு என்று யாரைக் கேட்பது?

உள்ளே ஸ்பூன் தட்டியது. இரண்டு தட்டு.

அக்கா வழக்கம்போல எழுந்தாள். “இரு, நானும் வர்றேன்” என்று தங்கையும் பின்னால் வந்தாள்.

அப்பா விழித்திருந்தார். அவர் கண்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தன. எவ்வளவு நேரமாக விழித்திருக்கிறார் என்று அக்காவுக்குத் தெரியவில்லை. கதவு திறந்தேதான் இருந்தது.

“இந்தப் பக்கம் வா” என்றாள் அக்கா. “அவர் தோளுக்குக் கீழே கையைக் கொடு. இழுக்காதே, தோல் உரிஞ்சிடும். விரிப்பைச் சேர்த்துப் பிடி. நான் சொன்னதும் உருட்டு.”

“நீ தனியா எப்படிக்கா இதைச் செய்யறே?”

“முட்டியைக் கட்டில்ல முட்டுக்கொடுத்து. ம், இப்போ.”

அப்பாவின் கனம் இருவர் கையிலும் ஏறியது. அவர் மெல்லப் பக்கவாட்டில் திரும்பினார். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தங்கை எதிரே மூச்சு வாங்க, இரு கைகளாலும் அவரைத் தாங்கி நின்றாள். முதுகுக்குத் தலையணை வைக்கிறவரை அவளால் கையை எடுக்க முடியாது. எங்கேயும் போக முடியாது. தலையணை அக்காவின் கையில் இருந்தது.

அக்கா அதை வைக்கவில்லை. அப்பாவின் நல்ல கை காற்றில் துழாவி வந்து அவள் மணிக்கட்டைப் பற்றியது. ஸ்பூன் பிடித்துப் பிடித்துக் காய்த்த விரல்கள். தள்ளுகிறாரா, பிடித்துக்கொள்கிறாரா என்று சொல்ல முடியாத பிடி. அவர் முகம் தங்கையின் பக்கம் இருந்தது. அக்காவுக்குத் தெரிந்தது காதும் நரைத்த கன்னமும்தான்.

“சீக்கிரம் வைக்கா, கை வலிக்குது” என்றாள் தங்கை.

“குட்டி,” என்றாள் அக்கா. மெஷின் இரைச்சல் இல்லாமல் தன் குரலைக் கேட்பது அவளுக்கே புதிதாக இருந்தது. “எனக்கு டேப்லெட் வேண்டாம். அப்பாவை உன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. வருஷத்துல பாதி நாள் நீ பார்த்துக்கோ.”