பெருவல்லூறு இல்லாத ஊர்

மழைத்திங்களின் நடுவே அரிதாய் வெளிறிய ஒரு விடியலில், மேற்குக் குன்றுகளின் தோள்மேல் கிடந்த முகில்கள் நனைந்த பஞ்சுப்பொதிகள்போல் மெல்லப் பெயர்ந்து செல்ல, சயாமா மேட்டுநிலத்தின் தேயிலை வரிசைகள் வாரி முடித்த கூந்தலென ஒழுங்குற்றுப் பளபளக்க, அவ்வரிசைகள் முடியுமிடத்தில் கருவாலி மரங்களும் செம்பட்டை ஊசியிலை மரங்களும் தோளோடு தோள் நெருங்கிய சிறுகாடொன்று, கமினுமா என்னும் எங்கள் ஊரைப் பார்த்தவாறு இருள் கலையாமல் நின்றது. அக்காட்டை வெட்டி நாற்பது வீடுகள் எழுப்ப ஒரு கட்டட நிறுவனம் முடிவு செய்திருந்தது. எனினும் அங்கே பெருவல்லூறு என்னும் அரிய வேட்டைப்பறவை கூடு கட்டியிருப்பின், குஞ்சுகள் பறந்து போகும்வரை ஒரு கிளையையும் தொடலாகாது என்பது எங்கள் பக்கத்து நடைமுறை.

காட்டை ஒட்டிய வீட்டில் தனியே வாழ்ந்தவள் மியாதெரா கினுயே. நாற்பத்தாறு அகவையினள், பிறர் தோட்டத்தில் தேயிலை கிள்ளிப் பிழைப்பவள். இரண்டு வேனிலாய் அக்காட்டின்மேல் வட்டமிட்ட பறவையை அவள் நோக்கி வந்தாள். காக்கையினும் பெரிய உடலும், கண்மேல் வெண்கோடும், நெஞ்சில் நெய்தாற்போன்ற நுண்வரிகளும் கண்டு, நூலகத்துப் படங்களோடு ஒப்பிட்டு, தான் கண்டது பெருவல்லூறு என்று தனக்குள் துணிந்தாள். ஆயினும் தன் சொல் அவையேறாது என்பதை அறிந்தவளாதலின், மரத்தடியில் கிடந்த நீண்ட வாலிறகு ஒன்றைத் தாளில் பொதிந்து, நெகிஷியிடம் கொண்டு சென்றாள்.

நெகிஷி யாரெனில், அஞ்சல் நிலையத் தலைவராய் இருந்து ஓய்ந்தவர். முப்பது ஆண்டுகளாய்த் தொலைநோக்கியைக் கழுத்தணிபோல் பூண்டு திரிந்தவர். வானில் நுண்புள்ளியாய்த் தோன்றும் வேட்டைப்பறவையையும் இறகசைவால் பெயர் கூறுபவர். ஊர்ப் பறவைகள் பற்றி அவர் எழுதிய நூலில், பெருவல்லூறு கமினுமாவில் கூடு கட்டுவதில்லை என்று அழுத்தமாய்ப் பொறித்திருந்தார். அந்த ஒரு வரியின்மேல் அவருடைய பெருமை முழுவதும் அமர்ந்திருந்தது.

"ஐயா, இது எங்க வீட்டுப் பின்னாடி கெடந்துச்சு. பெருவல்லூறோன்னு தோணுது. நான் சொன்னா யாரு கேப்பாங்க? நீங்க சொன்னா கேப்பாங்க" என்றாள் கினுயே.

"ஒத்த எறகை வெச்சு என்னம்மா சொல்றது? நான் வந்து பாக்குறேன்" என்றார் அவர். இறகைத் தொட்ட கணமே அது பெருவல்லூற்றினது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் விடியலில் யாருமறியாமல் காட்டின் எதிர்ச்சரிவில் ஏறி அமர்ந்தார். இலைகளின் இடைவெளியூடே கூடு தெரிந்தது; வெண்தூவி போர்த்த மூன்று குஞ்சுகளும், அவற்றின் வாய்க்கு இறைச்சியைக் கிள்ளிக் கிள்ளி ஊட்டும் தாயும் தெரிந்தன. முப்பது ஆண்டுகள் காண ஏங்கிய காட்சி அது. சிறிது நேரம் அவர் கண்கள் உண்மையாகவே கலங்கின. பின்னர், இதைத் தமக்குமுன் கண்டவள் தேயிலை கிள்ளும் ஒருத்தி என்னும் நினைவு, பாலில் விழுந்த புளித்துளிபோல் அம்மகிழ்ச்சியைத் திரித்துவிட்டது. தம் நூல் பொய்க்கும். ஊரார் அவள் வீட்டு வாயிலில் கூடுவர். அவர் இறங்கி வந்தபோது முடிவும் செய்திருந்தார்.

நகர்மன்றக் கூட்டத்தில் நிறுவனத்தாரும் அலுவலரும் ஊரார் இருபதின்மரும் அவர் சொல்லுக்குக் காத்திருந்தனர். மூன்று நாள் பார்த்ததாகவும், கூடு எதுவும் தென்படவில்லை என்றும், அங்கு வருவது புறாவளவேயான சிறுவல்லூறு என்றும் அவர் அமைதியாகக் கூறினார். அப்படியானால் அந்த இறகு யாருடையது என்று கினுயே எழுந்து கேட்டாள்.

"அது பருந்தோடதும்மா. அன்னைக்கே குப்பையில போட்டுட்டேன்" என்றவர், அவையைப் பார்த்துப் புன்னகைத்தார். "நாள் முழுக்கக் குனிஞ்சு தேயிலை கிள்ளுறவங்க இல்லையா? திடீர்னு நிமுந்து பாத்தா சிட்டுக்குருவிகூடக் கழுகாட்டம்தான் தெரியும்."

அவை சிரித்தது. கினுயேயின் அண்டை வீட்டாரும் சிரித்தனர். அவள் செவிவரை சிவந்து, எல்லாருடைய நேரத்தையும் வீணாக்கியதற்குப் பொறுத்தருளுமாறு இடைவரை குனிந்து வணங்கி அமர்ந்தாள். பெருவல்லூற்றைத் தெளிவாய்க் கண்ட தன் கண்களையே அன்றுமுதல் அவள் நம்பவில்லை.

ஒன்பது நாளில் மரமறுக்கும் வாள்கள் வந்தன. மரங்கள் ஒவ்வொன்றாய்ச் சாய, தாய்ப்பறவை அலறிப் பாய்ந்து ஒருவனின் தலைக்காப்பைக் கீறிற்று. அவன் நீண்ட கழியால் அதை அடித்து விரட்டினான். மாலையில் வெட்டுநர் சென்றபின், கினுயே சேற்றில் ஒரு குஞ்சைக் கண்டாள். சிறகு ஒடிந்து, ஒரு கண் மூடி, இன்னும் உயிரோடிருந்தது. கோழியளவு கனத்த அதைத் தேயிலைக் கூடையில் இட்டுக்கொண்டு மழையில் நடந்து, நெகிஷியின் வாயிலில் நின்றாள். அவள் முகத்தில் சினம் இல்லை.

"உங்களுக்குத் தெரியணுமேன்னு கொண்டாந்தேன், ஐயா. அன்னைக்குத் தூரத்துல பாத்ததால தப்பாத் தோணியிருக்கும். பக்கத்துல பாத்தா உங்களுக்கே புரியும்."

குற்றம் சாட்டும் குரலுக்கு அவர் விடை ஆயத்தம் செய்து வைத்திருந்தார். இந்தக் கனிவை அவர் எதிர்பார்க்கவில்லை. கூடைக்குள் நோக்கிய அவர் விரல்கள், பழகிய வழக்கத்தால் தாமாகவே குஞ்சின் காலைப் பற்றி அளந்தன. அவருடைய வாயும் தானாகவே திறந்தது.

"பொட்டை. மூணுல மூத்தது இதுதான்."

மழை ஓட்டுக்கூரையில் இறங்கிக்கொண்டிருந்தது. கினுயே நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"மூணா? கீழேருந்து எனக்குக் கூடுகூடத் தெரியல. மூணுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் குஞ்சின் காலை விடவில்லை. அவர் கைக்குள்ளேயே அது இருமுறை உதைத்து உயிரடங்கிற்று. கினுயே அதை மெல்ல விடுவித்துக் கூடையில் வைத்தாள்.

"நீங்க தெரியாமச் சொல்லிட்டீங்கன்னு நெனச்சேன். இன்னும் ரெண்டு அங்க கெடக்குது. நான் போய்த் தேடணும்."

அவ்வளவே கூறித் திரும்பிச் சென்று, இருட்டும்வரை சாய்ந்த கிளைகளைக் கையால் புரட்டினாள். ஒன்று அடிமரத்தின்கீழ் நசுங்கிக் கிடந்தது. மற்றொன்று, அவள் கைபடுவதற்குச் சற்றுமுன்தான் இறந்திருக்கவேண்டும், இன்னும் வெதுவெதுப்பாய் இருந்தது.

அதன்பின் ஐந்து நாள்கள், தாய்ப்பறவை காலில் புறாவைப் பற்றியவாறு வெட்டவெளிமேல் வந்து, இறங்க இடமின்றிச் சுற்றிச் சுற்றிக் கூவியது. புதுமனைகளுக்கு நிலமளக்க வந்தோர்க்கு அது ஏதோ ஒரு பறவையின் ஒலி. அவர்கள் தலைநிமிராமல் தம் வேலை பார்த்தனர். நெகிஷியோ வீட்டுக் கதவுகளையெல்லாம் அடைத்துக்கொண்டு உள்ளே இருந்தார். நூல்நயம் அறிந்தோரே, அறியாதவன் செவிக்கு இரக்கம் உண்டு. அது கேட்டும் கேளாதிருக்கும். ஒவ்வொரு கூவலின் பொருளையும் முப்பது ஆண்டு முயன்று கற்ற செவிக்கோ அந்த இரக்கம் இல்லை. எத்தனை கதவு அடைத்தும், அது பசித்த குஞ்சுகளை உணவுக்கு அழைக்கும் குரலென்பதை அவர் அறிந்தே இருந்தார்.