தெருவைப் பார்த்த கூரை

அந்த ஊர் ரயில் நிலையத்துக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. மழை வந்தால் ரயிலுக்குக் காத்திருப்பவர் தொப்பலாக நனைவார். வேலை வெட்டி இல்லாமல் தெருவில் போகிறவர் சொகுசாக ஒதுங்குவார். தண்டவாளத்துப் பக்கம் நீள வேண்டிய கூரை தெருப் பக்கம் நீண்டிருந்தது. கட்டிய கொத்தனார் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிட்டார். அதிகாரிகள் வந்து பார்ப்பதற்குள் கூரையே ஏறிவிட்டது. திட்டித் தீர்த்தார்கள், தலையில் அடித்துக்கொண்டார்கள், கட்டடத்தையும் திருத்தாமல் வரைபடத்தையும் திருத்தாமல் திறந்துவைத்துவிட்டுப் போனார்கள்.

கொத்தனார் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலம் ஆயிற்று. கெட்ட பெயர் மட்டும் போகவில்லை. அதே கூரைக்கடியில் தையல் மெஷின் போட்டுப் பிழைக்கும் பேரனை ஊரே "தலைகீழ் டெய்லர்" என்றது. சட்டை வாங்க வருகிறவர்கள், "காலர் மேலதானே இருக்கு?" என்று கேட்காமல் போனதில்லை. அவரும் சிரித்துவைப்பார். உள்ளே சுருக்கென்று இருக்கும். தாத்தா பேச்சை யார் எடுத்தாலும் எழுந்து போய்விடுவார்.

இப்போது அதைவிடப் பெரிய இடி விழுந்திருந்தது. இன்னொரு தண்டவாளம் போடப்போகிறார்களாம், இடம் போதாதாம், கட்டடத்தை இடிக்கப்போகிறார்களாம். கூரை போனால் பிழைப்பு போச்சு. வேறு கடை பிடிக்க அவருக்கு வழியில்லை.

கடைசியாக அளந்து பார்க்க என்ஜினியர் அம்மா ரயிலில் வந்து இறங்கினார். பக்கத்தில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த டெய்லரின் மனைவி அவரை முறைத்தாள்.

"போய் ஒரு வார்த்தை கேளுங்களேன். வாயைத் திறந்தா முத்தா உதிர்ந்துடும்?"

"கேட்டு என்ன ஆகப்போகுது? கட்டின லட்சணத்தைப் பத்தி அவங்களும் ரெண்டு வார்த்தை சொல்வாங்க."

என்ஜினியர் அம்மா நடைமேடையில் நின்று அண்ணாந்து பார்த்தார். வானம்தான் தெரிந்தது. கையிலிருந்த பழைய வரைபடத்தைப் பார்த்தார். மறுபடி அண்ணாந்தார். பிறகு வரைபடத்தை மெதுவாகத் திருப்பிப் பிடித்தார். கட்டடத்துக்குள் புகுந்து தெருப் பக்கம் வந்தவர், டெய்லரின் தலைக்கு மேலே பார்த்து வாய்விட்டுச் சிரித்தார்.

"இதைத்தான் அந்தப் பக்கம் தேடிட்டு இருந்தேன்!"

திரும்பிப் போய் நன்றாக அளந்துவிட்டு வந்து, அங்கேயே நின்று அலுவலகத்துக்குப் போன் போட்டார்.

"சார், இடிக்க வேண்டாம். புதுத் தண்டவாளத்துக்குக் கூரை இடிக்கும்னுதானே பயந்தோம்? அந்தப் பக்கம் கூரையே இல்ல. தண்டவாளம் தாராளமா போகும். இல்ல சார், காத்துல பறந்து போகல. கட்டினதே இந்தப் பக்கம்தான்!"

டெய்லருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மனைவி ஊசியைத் துணியிலேயே குத்தி வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"யாருங்க இதைக் கட்டினது?" என்று கேட்டார் என்ஜினியர் அம்மா.

பக்கத்தில் இருந்த செருப்புக் கடைக்காரரும் பழக்காரியும் டெய்லர் மனம் நோகக் கூடாதென்று அன்றைக்குப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்கள். டெய்லர் எழுந்து நின்றார்.

"எங்க தாத்தாங்க. எங்க அப்பாவைப் பெத்தவர்" என்றார், தெரு முழுக்கக் கேட்கும்படி.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து பார்க்கறேன்," என்றாள் மனைவி, "இன்னைக்குத்தான் இவர் வாயில தாத்தாங்கற வார்த்தையே வருது."