இருபத்து மூன்றாம் எண் முடி

பொம்மைக் கம்பெனி இருபத்து மூன்றாம் எண் முடியை முதன்முறையாகச் சிவப்பில் வார்த்த செவ்வாய்க்கிழமை காலை, அந்த முடியைச் செதுக்கியவளின் அக்காவுக்கும் தலைமுடி சிவந்தது. பல் துலக்கக் குனிந்தபோது கருப்பாக இருந்தது. வாய் கொப்பளித்து நிமிர்ந்தபோது தக்காளி நிறம். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். தொப்பியை மாட்டிக்கொண்டு வழக்கம்போல வேலைக்குப் போனாள். தலைமை நர்ஸ் ஒரு பார்வை பார்த்துவிட்டு, தொப்பி நேராக இருக்கட்டும் என்று மட்டும் சொன்னாள். வியாழக்கிழமை மதியம் சிவப்பு முடி வைத்த பொம்மைகள் தீயணைப்பு விளையாட்டுப் பெட்டிகளில் அடைபட்டு லாரி ஏறின. அதே மதியம் அக்கா ஒரு நோயாளிக்குப் போட்டுக்கொண்டிருந்த கட்டைப் பாதியில் விட்டுவிட்டு தீயணைப்பு நிலையத்துக்கு நடந்து போய், ஹெல்மெட் எங்கே என்று கேட்டாள். கொடுத்தார்கள். இரண்டு வருடம் அங்கேதான் வேலை பார்த்தாள். ஏணியில் அவளைப்போல ஏறினவர் யாருமில்லை என்று நிலையத்தின் பதிவேட்டில் இருக்கிறது.

இது எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். கட்டைகளை ஒன்றின்மேல் ஒன்று அழுத்தி வீடு கட்டும் விளையாட்டுப் பெட்டிகளில் கட்டைவிரல் உயரத்தில் மனிதர்கள் வருவார்களே, ஆரம்பத்தில் அவர்களுக்கு முடியே கிடையாது. மண்டை உச்சியில் ஒரு குமிழ், அவ்வளவுதான். பிறகு குமிழில் மாட்டத் தொப்பி வந்தது. அதற்கப்புறம் ஆணுக்கு ஒரு கிராப்பு, பெண்ணுக்கு ஒரு ரெட்டைச் சடை. ஏழு வருடம், டாக்டரம்மாவானாலும் பல்லுப்போன கிழவியானாலும் எல்லாப் பொம்மைக்கும் அதே ரெட்டைச் சடைதான். அந்தச் சமயத்தில்தான் இவள் அச்சு அறையில் வேலைக்குச் சேர்ந்தாள். வந்ததும் முடிகளைப் பற்றியே பேசினதால் ‘முடிக்காரி’ என்று பேர் விழுந்தது. நர்ஸ் பொம்மைக்கு ஒரு முடி வேண்டுமென்றார்கள். கோண வகிடு, தோளில் உள்நோக்கி வளையும் நுனி, காதோரம் ஒரு அலை. வேறு யாரைத் தேடுவது? அக்காவையே ஸ்டூலில் உட்காரவைத்து, பதினோரு சாயங்காலம் பார்த்துப் பார்த்து மெழுகில் பத்து மடங்கு பெரிதாகச் செதுக்கினாள். தொப்பியும் முடியுமாகக் குமிழில் மாட்டும் வரிசையில் அது இருபத்து மூன்றாம் எண்.

“கழுத்து சுளுக்கிக்கிச்சுடி,” என்றாள் அக்கா. “உன் பொம்மைக்குக் கழுத்தே கிடையாது. அதுக்கு எதுக்கு என் கழுத்து?”

மெழுகிலிருந்து எஃகு அச்சு வெட்ட ஐந்து மாதம் பிடிக்கும். அதனால் கம்பெனி ஒரு அச்சை லேசில் விடாது. நிறத்தை மாற்றி, வேறொரு பொம்மையின் தலையில் வைத்து, வேறொரு பெட்டியில் போட்டு அனுப்பும். கருப்பில் நர்ஸாக இருந்த முடி சிவப்பில் தீயணைப்புக்காரியானது. மூன்றாவது தடவை மஞ்சளில், போலீஸ் ஸ்டேஷன் பெட்டியில் வரும் திருடியின் தலைக்குப் போனது. அக்காவின் முடி மஞ்சளாகி ஒரு வாரத்தில், பக்கத்து வீட்டுச் சுவர்க் கடிகாரமும் ஆஸ்பத்திரித் தெர்மாமீட்டர்கள் பதினொன்றும் ஒரு தையல் மெஷினின் மிதிபலகையும் அவள் கட்டிலுக்கடியில் இருந்தன. எதற்கு எடுத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பிடித்துக்கொண்டு போனார்கள்.

அதுவரை முடிக்காரி எதையும் எதோடும் முடிச்சுப் போடவில்லை. ஒரு நாள் பிற்பகல் நான்கு மணிக்கு, இயந்திரத்தில் சிக்கிய முடியை எடுக்கிறேன் பேர்வழி என்று ஒரு ஊழியர் ஸ்குரு டிரைவரை விட்டு நெம்ப, அச்சில் கோடு விழுந்துவிட்டது. மறுநாள் மாற்றுத் துணியோடு சிறைக்குப் போனவள், அக்காவின் தலையில் கட்டு இருப்பதைப் பார்த்தாள். வகிட்டுக்கு இடப்பக்கம், ஒரு விரற்கடை நீளம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே கிழிந்ததாம். எத்தனை மணிக்கு என்று கேட்டாள். நான்கு மணி என்றதும் மாற்றுத் துணியைக் கொடுக்காமலே அச்சு அறைக்கு ஓடினாள். அன்றிலிருந்து அந்த அச்சை அவள் தவிர யாரும் தொடவிடவில்லை. இடது கையால் கோணல்மாணலாக எழுதி, பள்ளிக்கூடப் பெட்டி வேண்டும் என்று நாற்பது குழந்தைகளின் பேரில் கம்பெனிக்குக் கடிதம் போட்டாள். பள்ளிக்கூடப் பெட்டி வந்தது. பழுப்பு முடி வைத்த டீச்சர் வந்தாள். சிறைக்குள் அக்கா எல்லாருக்கும் வாய்ப்பாடு நடத்தத் தொடங்கி, ஒப்பிக்காத காவலரைப் பெஞ்சுமேல் நிற்கவைத்ததால், தாங்க முடியாமல் விட்டுவிட்டார்கள். நான்கு வருடம் நல்லபடியாகப் பாடம் நடத்தினாள்.

அந்த நான்கு வருடமும் ஒவ்வொரு திங்கட்கிழமையும் முடிக்காரி மூச்சைப் பிடித்துக்கொண்டுதான், அடுத்து வரும் பெட்டிகளை எழுதிவைக்கும் திட்டப் பலகையைப் படித்தாள். ஒரு திங்கட்கிழமை அதில் இப்படி இருந்தது: பாழடைந்த கோட்டை. பேய்ப் பெண். முடி இருபத்து மூன்று, வெள்ளை. ஆறு வாரத்தில் கப்பல்.

வடிவமைப்புத் தலைவர் மேசையில் கோட்டையின் கோபுரத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். அவள் சொல்லி முடிக்கும்வரை தலையைத் தூக்கவில்லை.

“வேற முடி போடுங்க சார்.”

“இருக்கிற பொம்பளை முடியில பேய்க்கு ஆகுறது அது ஒண்ணுதான். ரெட்டைச் சடை போட்ட பேயைப் பார்த்தா பிள்ளைங்க சிரிக்கும்மா.”

“அப்ப புதுசா ஒண்ணு வெட்டித் தர்றேன்.”

“அஞ்சு மாசத்து வேலையை ஆறு வாரத்துலயா? நீ மாட்டேன்னா சொல்லு, மெழுகு பெட்டகத்துல இருக்கு. அதை வச்சு வேற ஆளு அதே முடியை வெட்டிடுவாரு.”

வெள்ளைச் சாயத்தின் சோதனை வார்ப்புகள் தொடங்கின. முதல் நாள் அக்காவின் நெற்றியோரம் ஒரு கொத்து வெளுத்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறி நின்றாள். ஐம்பத்தெட்டு கிலோ இருந்தவள் நாற்பத்தொன்று. இரண்டாம் வாரம் முப்பது. ஈர மைதானத்தில் நடந்தால் தடம் விழவில்லை. நான்காம் வாரம் சாக்பீஸ் விரல்களுக்கிடையே வழுக்காமல், விரல்களின் ஊடாகவே கீழே விழுந்தது. தலைமையாசிரியை இதற்காக விடுப்பு கொடுக்க விதி இல்லை என்றாள். கரும்பலகையில் எழுத ஒரு மாணவியை நியமித்தார்கள். எடை இயந்திரத்தின் முள் இருபத்தேழுக்கு வந்த அன்று அக்கா வீட்டு வாசலில் நின்றுகொண்டு, கதவைத் திறக்காமலே உள்ளே வந்துவிட்டேன் பார் என்று சிரிக்க முயன்றாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

“பயமா இருக்குடி,” என்றாள். இருபத்தைந்து அடி ஏணியில் நின்றபோதுகூட அவள் சொல்லாத வார்த்தை அது.

அச்சை உடைக்க முடியாது. ஒரு கோடு விழுந்ததற்கே மண்டை கிழிந்தது. மிச்சமிருந்தது ஒரே வழி: பள்ளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எஃகு உருக்கி நிரப்பி, அந்த இடத்தில் வேறொரு முடியை வெட்டுவது. அச்சு தேய்ந்துவிட்டது, ஓரத்தில் பிசிறு வருகிறது என்று மேற்பார்வையாளரிடம் பொய் சொல்லி வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள் வாங்கினாள். திங்கட்கிழமை எட்டு மணிக்கு அச்சு இயந்திரத்தில் ஏற வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை பார்சல் கட்டும் பிரிவிலிருந்து தராசை உருட்டிவந்து, அதன்மேல் ஸ்டூலைப் போட்டு அக்காவை உட்காரவைத்தாள். ஸ்டூலின் எடையைக் கழித்தால் பத்தொன்பது கிலோ. முதல் பொட்டு எஃகு அச்சின் வகிட்டில் விழுந்தது. அக்கா ஸ்டூலின் விளிம்பை இறுக்கினாள்.

“சுடுதாக்கா?”

“கேட்டுக்கிட்டே இருக்காதே. வேலையைப் பாரு.”

ஒரு பொட்டு வைத்து, ஆறவிட்டு, முள்ளைப் பார்த்து, அடுத்த பொட்டு. வெள்ளிக்கிழமை முடிவில் பதினொன்று. சனிக்கிழமை மதியம் ஆறு. அக்காவின் முகத்தின் ஊடே பின்னாலிருந்த கருவி அலமாரியின் கைப்பிடிகள் தெரிந்தன. முடிக்காரி எஃகு உருக்கும் டார்ச்சை அணைத்துவிட்டாள்.

“நிறுத்தாதே,” என்றது குரல், எங்கோ தள்ளியிருந்து பேசுவதுபோல. “பாதியில விட்டா நான் பாதிதான்.”

காதோரத்து அலையில் கடைசிப் பொட்டு விழுந்ததும் ‘டக்’ என்று ஒரு சத்தம். அக்காவின் முடி மொத்தமும் ஒரே துண்டாகக் கழன்று உருண்டு மேசைக்கடியில் போய் நின்றது. தராசு முள் துள்ளிக் குதித்து ஐம்பத்தெட்டில் வந்து ஆடியது. அக்கா மொட்டைத் தலையைத் தடவிப் பார்த்து, ஐயோ சில்லுனு இருக்கே என்றாள். இருவரும் அழுது, பிறகு சிரித்தார்கள். முடிக்காரி தன் துப்பட்டாவைத் தலையில் கட்டிவிட்டு அவளை வீட்டுக்கு அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை தனியாக வந்தாள். யாருடையதும் இல்லாத ஒரு முடியைக் கற்பனையாக வெட்டிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தாள். மெழுகில் ஆரம்பித்தால், அரை மணியில் அது கேன்டீன்காரம்மாவின் கொண்டையாகிவிட்டது. உருக்கி ஊற்றினாள். அடுத்தது தபால்காரரின் மகளுடையது. எத்தனை காலமாக மனுஷத் தலைகளையே பார்த்த கை. அதற்கு வேறு தெரியவில்லை. மூன்றாவதையும் உருக்கிவிட்டு, கழிவறையிலிருந்த கண்ணாடியைக் கழற்றிவந்து மேசையில் சாத்தினாள். அச்சுக் கட்டையும் குழாய்களும் பழையவையே, பள்ளத்தை மட்டும் வெட்டினால் போதும் என்பதால் சாயங்காலத்துக்குள் வெட்டி முடித்துவிட்டாள்.

திங்கட்கிழமை எட்டரைக்கு அக்கா தூக்குப் பாத்திரத்தோடு வந்தபோது, இயந்திரம் துப்பிய முதல் வெள்ளை முடி மேசையில் இருந்தது. எடுத்துத் திருப்பினாள். பின்மண்டையில் ரெட்டைச் சுழி. சின்ன வயதில் தங்கைக்குத் தினமும் எண்ணெய் வைத்துப் படியவைத்த சுழி, அவளுக்கா தெரியாது?

“பாவி. யாரைக் கேட்டு இதைச் செஞ்ச?” என்று ஓங்கி ஒரு அறை விட்டாள். கன்னம் சிவந்தது. முடிக்காரியின் மேல் ஒரு கை பட்டது அதுவே கடைசி. வியாழக்கிழமை கப்பல் புறப்பட்டது.

பாழடைந்த கோட்டைப் பெட்டி, யாரும் எதிர்பாராத அளவுக்கு விற்றது. அதனால் பதினாலு வருடமாக அந்த முடி வேறெந்தப் பொம்மைக்கும் போகவில்லை. கைரேகைக் கருவி முடிக்காரியின் விரலை ஏற்காததால் மேற்பார்வையாளரே வருகை குறித்துவிடுவார். வெட்டும் உளியைப் பிடிக்க முடியாவிட்டாலும், எஃகுக்குள்ளேயே தலையை விட்டு எங்கே விரிசல் என்று சொல்ல அவளால் முடியும் என்பதால் சம்பள உயர்வும் உண்டு. அக்காவுக்கு முடி மறுபடி முளைக்கவில்லை. அடுத்து என்னவாக வேண்டும் என்று யாரும் தீர்மானிக்காத முதல் மாதத்தை எப்படிக் கழிப்பதென்று தெரியாமல் திணறினாள்; பிறகு தானாகவே போய்த் தண்ணீர் மோட்டார் பழுதுபார்க்கக் கற்றுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் பஸ்ஸில் கடற்கரைக்குப் போவார்கள். அக்கா இரண்டு டிக்கெட் கேட்பாள். போன வாரம் புதிதாக வந்த கண்டக்டர் காலியாகத் தெரிந்த சீட்டைக் குனிந்து பார்த்தார், இரண்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். அடுத்த சீட்டுக்கு நகரும்போது திரும்பி, “அந்த ஜன்னலைச் சாத்திக்குங்கம்மா,” என்றார். “பாலத்துல காத்து ஜாஸ்தி.”